வெந்நீரில் இறுகிய கம்பளி

விஜயராணி பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக, மோட்டார் மெஷினில் தைப்பவளாக, இருந்தவள். திருப்பூரில் அந்தப் பெயருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. திசையன்விளைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் சகாயராஜுடன் பஸ் ஏறி வந்தாள். முதலில் பிசிர் வெட்டும் வேலை, அப்புறம் செக்கிங், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது மெஷினை விட்டு எழுந்தால் அதில் உட்கார்ந்து பழகுவது என்று ஏறி ஏறித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள்.

பனியன் துணி பொல்லாத துணி. வெட்டின விளிம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். பின்னலில் ஒரு கண்ணி அவிழ்ந்தால் போதும், ஓட ஆரம்பித்துவிடும். அந்த விளிம்புகளை ஓடவிடாமல் பிடித்து மடக்கித் தைப்பதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு வேலை. மெஷின் பறக்கிற வேகத்தில் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கட்டைவிரலின் நுனிதான் பார்த்துச் சொல்லும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், அவசர ஷிப்மெண்ட் ஒன்றில், ஊசி அந்தக் கட்டைவிரலிலேயே இறங்கி உள்ளே முறிந்தது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. சூடும் தெரியாது, துணியும் தெரியாது. திரும்பப் போய் மெஷினில் உட்கார்ந்தபோது தைத்ததெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். “கொஞ்ச நாளைக்கு ஹெல்பரா இரும்மா” என்றார். தனக்கு ஹெல்பராக இருந்து தையல் பழகிய பிள்ளைகளுக்குத் தானே நூல் எடுத்துக் கொடுப்பதை விஜயராணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாளிலிருந்து போகவில்லை.

கம்பெனி ஆட்கள் கண்ணில் படாத வேலையாகத் தேடியதில் ரத்தினசாமியின் வேஸ்ட் குடோன் அகப்பட்டது. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பெண்கள் குவியலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து வெள்ளை தனி, கலர் தனி என்று பிரிப்பார்கள். பெரிய துண்டுகள் மெஷின் துடைக்கப் பட்டறைகளுக்குப் போகும். சின்னவை மில்லுக்குப் போய்த் திரும்பப் பஞ்சாகும். உள்ளங்கையால் அள்ளிப் போடுகிற வேலை. விரலுக்குத் தொந்தரவில்லை. மூக்கில் மட்டும் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ரத்தினசாமி நெசவுக் குடும்பத்துக்காரர். கிருத்திகை தவறாமல் சிவன்மலை போய் வருவார். சின்னவர் பெரியவர் எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். விஜயராணி அவரை ஊர்ப் பழக்கத்தில் ‘அண்ணாச்சி’ என்பாள். தன்னை மளிகைக் கடையில் உட்கார வைத்தாற்போல் இருக்கிறதென்று அவர் சிரிப்பார்.

ஒரு கார்த்திகை மாதம், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய பழந்துணி லோடு ஒன்றை அவர் மொத்தமாக எடுத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்தவை. துடைக்கும் துணிக்கு ஆகுமென்ற கணக்கு. பேல் கட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே முழுக்கக் கம்பளி. சொட்டர், மப்ளர், காதை மூடும் குல்லா.

“என்ன அம்மிணி இது, தொட்டா ஆட்டைத் தொட்ட மாதிரி இருக்குது?” என்றார் ரத்தினசாமி.

“கம்பளி அண்ணாச்சி. எல்லாம் சொட்டரு.”

“போச்சுடா. இதுல எண்ணெயத் தொடச்சா எண்ணெய் அங்கயே நிக்குமுங்க. நம்மூர் வெய்யில்ல இதப் போட்டுக்கிட்டு எவன் நடப்பான்?” அவர் ஒரு குல்லாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார். “ஊட்டுக்கு வேணும்னா ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. மிச்சத்த அந்த மூலையில தள்ளிருங்க.”

விஜயராணி வெளிர் நீலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சகாயராஜுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற தொட்டிகளுக்கு நடுவே நின்று வேர்த்துவிட்டு, விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து பனியில் சைக்கிள் மிதித்து வருவான். மார்கழி பிறந்தால் இருமல் வந்துவிடும். அவனுக்கு ஆகட்டும் என்று எடுத்தாள்.

சகாயராஜுக்கு அதில் அடித்த பாச்சை உருண்டை வாசனை பிடிக்கவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய், துணியைச் சுற்றிச் சுற்றி அலசும் மெஷினில், சோப்பும் வெந்நீருமாக ஒரு லோடு பனியன் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டான். காலையில் அவன் கொண்டுவந்ததைப் பார்த்து விஜயராணி வாயில் கை வைத்தாள்.

“என்னத்தச் செஞ்சு கொண்டாந்துருக்கீய?”

“வெளுத்தேன் பிள்ள. வேற ஒண்ணும் செய்யல.”

“வெளுத்தா இப்படியா ஆவும்? தொட்டில்ல கெடக்க பிள்ளைக்குக்கூடப் பத்தாதே.”

“தண்ணி கொஞ்சம் சூடு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தலையைச் சொறிந்தான்.

சொட்டர் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, கெட்டியாகி, அட்டை மாதிரி நின்றது. பின்னலின் கண்ணிகள் எங்கேயும் தெரியவில்லை. இரண்டு நாள் அவனோடு அவள் சரியாகப் பேசவில்லை. அடுப்பங்கரை மூலையில் அது கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் பானையை இறக்கப் பிடிதுணி தேடியவள், அந்தச் சொட்டரின் கையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டியதும் பழக்கதோஷத்தில் விளிம்பைப் பார்த்தாள். அது சுருளவில்லை. நகத்தால் கீறினாள். கண்ணி அவிழவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வெட்டின இடம் வெட்டினபடியே இருந்தது. பானை அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்க, விஜயராணி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போகிற விளிம்பைப் பிடிப்பதற்காகவே இத்தனை காலம் உட்கார்ந்திருந்தவளுக்கு, மடக்கித் தைக்கவே வேண்டாத ஒரு துணி கையில் இருந்தது.

“இன்னொண்ணு கொண்டுவந்தா இப்படியே செஞ்சு தருவீயளா?” என்று சாயங்காலம் கேட்டாள். அவனோடு சமாதானமானது அப்படித்தான்.

எப்படி இறுகியது என்று அவன் யோசித்துச் சொன்னான். சூடு, சோப்பு, விடாத உரசல், இந்த மூன்றுதான் இருந்தது. மூன்றும் வீட்டிலேயே இருக்கிறதே என்றாள் அவள். குடோன் மூலையிலிருந்து சொட்டர்களைக் கேட்டு வாங்கி, தாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் பொதுத் துணிக்கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, பாயில் வைத்துச் சுருட்டி, உருட்டி, பிரித்து, மறுபடி உருட்டுவாள். துண்டு மேல் துண்டாக அடுக்கி உருட்டினால் ஒன்றுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டு கனத்த ஒரே துண்டாக ஆனது. உள்ளங்கையும் முழங்கையும் வலித்தன. கட்டைவிரல் நுனியை இந்த வேலை எதுவும் கேட்கவில்லை.

“சப்பாத்தியா போடுற?” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டார்கள். அவள் அதற்கு ‘வெந்த துணி’ என்று பேர் வைத்தாள். அதுவே நிலைத்தது.

அடுத்த வீட்டில் இருந்த சுப்பண்ணன் பனியன் கம்பெனிகளில் அயர்ன் கான்டிராக்ட் எடுப்பவர். அவருடைய ஆட்கள் அயர்ன் பாக்ஸ் கைப்பிடியில் கிழிந்த பனியனைச் சுற்றிக்கொள்வார்கள். அது வழுக்கும், தீய்ந்து போகும், உள்ளங்கை கொப்பளிக்கும். விஜயராணி வெந்த துணியில் கைப்பிடிக்கு அளவாக ஓர் உறை வெட்டிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவர் வந்தார்.

“அம்மிணி, இத்தன வருசம் கை சுட்டே பழகிப் போச்சுங்க. இப்பச் சுடாம இருக்கறது என்னமோ கூச்சமா இருக்குது. பசங்க எல்லாருக்கும் ஒவ்வொண்ணு வேணுமுங்க.”

அங்கிருந்து இன்னொரு கம்பெனி, அதற்கடுத்த கம்பெனி என்று கேட்டு வந்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் குழந்தைகளுக்குச் செருப்பு, ஊசி குத்தி வைக்கும் மெத்தை, கோழி, யானை எல்லாம் செய்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் போகும் மாதா கோயிலின் குடிலில் நின்ற ஆடுகள் முழுக்க அவள் செய்தவை. பூசை முடிந்து வந்த பிள்ளைகள் அவற்றைத் தடவிப் பார்த்தே அழுக்காக்கிவிட்டார்கள். அவள் குடோனுக்குப் பாதி நாள்தான் போனாள். மற்ற பாதி துணிக்கல்லில் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் குடோன் மூலையில் இருந்த கம்பளியில் பூச்சி விழுந்தது. எடுத்து உதறினால் சல்லடைக் கண்களாக ஓட்டை. அரிசி நிறத்தில் சின்னப் புழுக்கள் கொட்டின. ரத்தினசாமி பதறிப்போனார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. இது நம்ம பனியன் வேஸ்ட்ல எறங்குச்சுன்னா மில்லுக்காரங்க லோட அப்படியே திருப்பிருவாங்க. எல்லாத்தையும் எரிச்சுப் போடறதுதானுங்க நல்லது.”

நல்லதாக இருப்பதைப் பொறுக்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் பிழைப்பு அது. குடோனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கொட்டித் தீ வைத்தார்கள். விஜயராணி தள்ளி நின்று பார்த்தாள். தலைமுடி பொசுங்குகிற நாற்றம் எழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. சில சொட்டர்கள் முடி வாசனையோடு கரிந்து பொடியாயின. சில பிளாஸ்டிக் வாளி மாதிரி உருகிச் சொட்டின. எவ்வளவு தேய்த்தாலும் இறுகாமல் அவளை அழவைத்த சொட்டர்கள் சில இருந்தன. அவை ஏன் இறுகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உருகுகிறது கம்பளியே இல்லை.

தெரிந்து என்ன, கையில் கம்பளி இல்லை. அயர்ன் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பவும் முழு நாளும் குடோன் தரையில் உட்கார்ந்தாள். அவள் பேச்சுக் குறைந்துபோனதைச் சகாயராஜ் கவனித்தான்.

“மலையில குளிருது” என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது. “அங்க உள்ளவன் சொட்டரு இல்லாமலா இருப்பான்? பழசு என்னத்துக்கு ஆவும் அவனுக்கு?”

“சும்மாவா குடுப்பாவ?”

“சும்மா எதுக்கு? பாத்திரக்காரன் மாதிரி மாத்திட்டு வருவோம். இங்க பனியனுக்கா பஞ்சம்?”

ரத்தினசாமியிடம் சொன்னபோது, பூச்சிக் கம்பளியை எரித்தது அவர் மனதிலும் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். கழுத்து கோணியது, பிரின்ட் தப்பியது என்று ஒரு மூட்டை நிறைய செகண்ட்ஸ் பனியனைத் தானே பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். “போய்ட்டு வாங்க அம்மிணி. முருகன் இருக்கறதும் மலைதானுங்க” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் மேட்டுப்பாளையம் போய்க் கோத்தகிரி பஸ் பிடித்தார்கள். தேயிலை எஸ்டேட் லைன்களில் மூட்டையை அவிழ்த்து வைத்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். விஜயராணி ஒவ்வொரு சொட்டரிலிருந்தும் ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டி மோந்து பார்த்தாள். முடி வாசனை வந்தால் புதுப் பனியன் கொடுத்தாள். உருகினால் சொட்டரைத் திருப்பிக் கொடுத்தாள். “தீப்பெட்டிக்காரி வந்துருக்கா” என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகள் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

கடைசி வீட்டு வாசலில் நின்ற ஒருத்தி மட்டும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கம்மாள் என்று பேர். கொழுந்து பறிப்பவள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு பட்டையாக முடி தேய்ந்திருந்தது. கூட்டம் கலைந்தபிறகு வந்தாள்.

“இதக் கொண்டுபோயி நீ என்னா செய்வ?”

“வெந்நீர்ல போட்டுத் தேய்ப்பேன்க்கா. சுருங்கி இறுகிப் போவும். அப்புறம் வெட்டி வேற சாமான் ஆக்கிருவேன்.”

“சொட்டருன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாதுக்கா.”

ராக்கம்மாள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து ஒரு பழுப்புநிறச் சொட்டரோடு வந்தாள். அவள் புருஷன் காசிமாயன் எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து இறந்துபோனவர். கம்பெனி கொடுத்த சொட்டர் அது.

“டிரைவருக்கு ஆகும், குடுன்னு கேட்டாங்க. குடுக்கல. இன்னொருத்தன் முதுகுல இத நான் பாக்க மாட்டேன் தங்கச்சி. இங்க எல்லாரும் இந்த வாசல் வழியாத்தான் போகணும். பொட்டிலயே வச்சிருந்தேன். இப்பப் பூச்சி வருது.”

விஜயராணி தீக்குச்சியை எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தே கம்பளி என்று சொல்லிவிட்டாள். பனியன் எது வேண்டுமென்று கேட்டதற்கு ராக்கம்மாள் தலையாட்டினாள்.

“அப்ப இதுலயே கூடைக் கயிறுக்கு அடியில வைக்க ஒரு மெத்தை செஞ்சு தாரேன்க்கா. தலை நோவாது.”

“என்னமோ செய்யி. அவரு சட்டைன்னு தெரியக் கூடாது. அம்புட்டுத்தான்.”

ஊருக்கு வந்து முதலில் அந்தச் சொட்டரைத்தான் நனைத்தாள். நல்ல கம்பளி. வெந்நீர் பட்டதும் பிடித்துக்கொண்டது. உருட்டிப் பிரித்தபோது சொட்டரின் ஒரு முழங்கைப் பக்கத்தில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. எப்போதோ கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் இழை போட்டுத் தைத்திருந்தார்கள். நனைக்கும் முன்னால் தட்டையாகக் கிடந்ததால் அவள் கவனிக்கவில்லை. பச்சை நூல் கம்பளி இல்லை. அதனால் அது சுருங்கவில்லை. சுற்றியிருந்த பழுப்பு மட்டும் இறுகிக்கொள்ள, பச்சை இழைகள் புல் முளைத்தாற்போல் மேலே எழும்பி நின்றன. இழுத்தால் வரவில்லை. இறுகிய கம்பளி அவற்றைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

“அந்தம்மா அடையாளம் தெரியக் கூடாதுன்னாவ” என்று சகாயராஜிடம் காட்டினாள்.

“அப்ப அத மட்டும் வெட்டி எறிஞ்சிரு.”

“எறியக் கை வரலியே.”

அவன் வாங்கிப் பார்த்தான். நூலைத் தடவினான். “அப்ப ரெண்டாச் செய்யி. கேட்டதையும் குடு, இதையும் காட்டு. எது வேணும்னு அவிய சொல்லட்டும்.”

அடுத்த மாதம் போனபோது ராக்கம்மாள் கொழுந்துக் கூடையோடு எடை போடும் இடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஜயராணி பழுப்பு மெத்தையை முதலில் கொடுத்தாள். ராக்கம்மாள் அதை அமுக்கிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சொட்டரின் சாயல் எதுவும் இல்லை.

“நல்லாத்தான் செஞ்சிருக்க” என்றாள். குரலில் உற்சாகம் இல்லை.

“அக்கா, இன்னொண்ணும் இருக்கு. கோவிக்கக் கூடாது. ஒரு எடத்துல தையல் போவல.”

இரண்டாவதை வாங்கியதும் ராக்கம்மாளின் விரல் நேராகப் பச்சையில் போய் நின்றது. தலையை நிமிர்த்தியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு.

“காட்டெரும வெரட்டுனதுல முள்ளுக்கம்பியில மாட்டிக் கிழிச்சுக்கிட்டு வந்தாரு. வீட்டுல இந்த நூலுதான் கெடந்துச்சு. கிளி உக்காந்த மாதிரி இருக்குன்னு காலையில மஸ்டர்ல பேரு குடுக்கறப்ப எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அவுக்கச் சொன்னேன், முடியாதுன்னுட்டாரு. அப்பிடியேதான் டூட்டிக்குப் போனாரு கடைசி வரைக்கும்.”

பச்சை உள்பக்கமாக இருக்கும்படி அதைத் தலையில் வைத்து, மேலே கயிற்றை இழுத்துக்கொண்டாள். மற்றதை விஜயராணியிடமே நீட்டினாள்.

“இத வேற யாருக்காவது குடு. இதுல அவரு இல்ல.”

அந்த மெத்தையை அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கிறவர்கள் சொட்டர் கொடுத்துப் பனியன் வாங்குவதைக் காட்டிலும், சொட்டர் கொடுத்துத் தலைமெத்தை வாங்குவதே அதிகமாயிற்று. தைத்த இடங்களை வெட்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் விஜயராணி வேலையை ஆரம்பித்தாள். பாதிப்பேர் வெட்டச் சொன்னார்கள். பாதிப்பேர் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார்கள்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்று, பனியன் கம்பெனிகளில் ஆள் குறைத்தார்கள். அயர்ன் உறை கேட்டு யாரும் வரவில்லை. சாயப்பட்டறையில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மலைக்கு அந்தக் கவலை எட்டவில்லை. கொழுந்து துளிர்த்துக்கொண்டிருந்தது, மெத்தை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாத நாட்களில் சகாயராஜும் துணிக்கல்லுக்கு வந்து நின்றான். பட்டறை வேகத்தில் அவன் தேய்த்த தேய்ப்பில் முதல் மெத்தை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

“மெதுவாங்க. தலையில வைக்கியது. கால்ல போட்டு மிதிக்கியதுக்கா?”

“நீயே பிடிச்சுக் காட்டு.”

அவள் தன் உள்ளங்கையை அவன் கை மேல் வைத்து, எவ்வளவு அமுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காட்டினாள். இரண்டாவது நன்றாக வந்தது. மேற்கே மேகம் கருத்திருந்தது. காய்ந்தவற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, அடுத்த சொட்டரை வெந்நீரில் அமுக்கினாள்.